செவுள்

காசிமேட்டுப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு.
நீலப் பிளாஸ்டிக் தொட்டியில்
ரோபோ மீனை இறக்கிவிட்டேன்.
வாலை ஆட்டியது.
விளிம்பில் மோதுமுன் திரும்பிக்கொண்டது.

உயிர் உள்ளது, உயிர் அற்றது
என்று கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு
சாக்பீஸோடு நின்றேன்.

‘நீந்துது சார், உயிருதான்’ என்றான் தேசிங்கு.
‘பஸ்ஸுகூடத்தான்டா ஓடுது.’
‘கண்ணே மூடல சார், பொம்மை.’
‘மீனு எங்கடி கண்ண மூடும்?’
வகுப்பே சிரித்தது.
மீன் கண் மூடாதென்பது
அன்றுவரை எனக்குத் தெரியாது.
நானும் சிரித்துவைத்தேன்.

டெல்பின் எழுந்து வந்தாள்.
கேட்காமலே தொட்டிக்குள் கைவிட்டு
அதைத் தூக்கினாள்.
விடியற்காலை ஏலத்தில் அவள் அம்மா பார்ப்பதுபோல
கட்டைவிரலால் செவுளை நெம்பினாள்.
ரப்பர். திறக்கவில்லை.
மூக்கருகே கொண்டுபோனாள்.

‘செத்தா நாறுமா சார் இது?’

நாறாது. திரும்ப சார்ஜ் போடலாம்.

‘அப்ப சாவவே சாவாது.
அப்புறம் இன்னாத்துக்கு சார் அதுக்கு உயிரு?’

எந்தக் கட்டத்தில் எழுதுவது இதை?
சாக்பீஸ் விரலில் ஈரமாகிக்கொண்டிருந்தது.

மணி அடிக்கும் நேரம் பார்த்து
மோட்டார் நின்று மீன் மல்லாந்தது.
‘பூட்ச்சு, பூட்ச்சு’ என்று கத்திக்கொண்டே
பைகளை மாட்டி ஓடினார்கள்.
வாசல்வரை போன டெல்பின்
திரும்பி வந்து
அதை நிமிர்த்திவிட்டுப் போனாள்.

ராயபுரம் தாண்டியும் ஜன்னலில் கருவாட்டு வாடை.
பஸ் குலுங்கும்போதெல்லாம்
மடியிலிருந்த பெட்டியை
நேராகப் பிடித்துக்கொண்டேன்.