கடாரத்துக்கு இரண்டு பஸ்

பீடோங் கடைத்தெருவில்
7.30 என்ற பஸ் பலகையில்
யாரோ ஏழைச் சுரண்டி எடுத்திருந்தார்கள்.
"ஏழரை போயிருச்சு, இனி நல்ல காலம்தான்"
என்றாள் ருக்மாவதி.
தொழிற்சாலையின் வெள்ளைச் சப்பாத்தில் வந்திருந்தாள்.
கையில் நாசி லெமாக் நான்கு பொட்டலம்:
ஆளுக்கொன்று, எதுக்கும் ரெண்டு.

ஒன்பது வருடமாக ஒரே விளக்கின் கீழ் நின்று
கையுறையில் ஓட்டை தேடுகிறவர்கள் நாங்கள்.
காற்றடைத்து, வெளிச்சத்தில் திருப்பி,
ஐந்து விரலும் முழுசா என்று பார்த்து அனுப்புகிறவர்கள்.
கிடைத்த ஒரு லீவில்
முழுசாய் இல்லாத ஒன்றைப் பார்க்கக் கிளம்பினோம்.

மேற்கே இருக்கும் இடத்துக்கு முதலில் தெற்கே போனோம்.
சுங்கை பட்டாணியில் மெர்போக் பஸ் எங்கே என்று கேட்டதற்கு
ஆளுக்கொரு தூணைக் காட்டினார்கள்.
டிரைவர் பசியாறி முடித்து, கை கழுவி,
முன் டயரை ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான்
எங்களைப் பார்த்தார்.
"சண்டியா?" என்றார்.
மலாய்க்காரருக்கு அது பழைய கோயில்.
எங்களுக்கு அது
அடித்தாலும் நகராத மாடு.
"சண்டிதான்" என்று ஏறிக்கொண்டோம்.

வழியெல்லாம் செம்பனை.
இடையில் ஒரு துண்டு வயல், ஒரு மசூதி, மறுபடி செம்பனை.
ஒன்பது வயதில் வாத்தியார் சொன்னார்,
ராஜா கப்பலேறி வந்து கடாரத்தைப் பிடித்தார் என்று.
கோயில் திருவிழாவில் சாம்பார் கொதிக்கும் அண்டாவைத்தான்
எங்கள் வீட்டில் கடாரம் என்பார்கள்.
ஓர் அண்டாவுக்கா இத்தனை கப்பல் என்று
அந்த வருஷம் முழுக்க யோசித்தேன்.
ருக்மாவிடம் இப்போதுதான் சொன்னேன்.
பாதி பஸ் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள்.

சிம்பாங்கில் இறக்கிவிட்டார். மீதி, மேட்டில் நடை.
ஓடைச் சத்தம் முதலில் வந்தது,
அப்புறம் கல்.

கூரை இல்லை. சுவர் இடுப்பளவு.
தூண் நின்ற கல்லில் குழி;
குழியில் மழைத்தண்ணீர்;
தண்ணீரில் ஒரு தலைப்பிரட்டை.
ருக்மா ஒவ்வொரு குழியிலும் விரல் விட்டுப் பார்த்து
"எல்லாம் ரிஜெக்ட்" என்றாள்.
பிறகு சப்பாத்தைக் கழற்றினாள்.
"சாமி இல்லையே" என்றேன்.
"சாமி இல்லாட்டி? தரை இருக்குல்ல."
இரண்டடி வைத்தாள்,
வெயில் குடித்த கல் சுட்டுத் துள்ளித்
திரும்பி வந்து சப்பாத்துக்குள் நின்றுகொண்டாள்.

கீழே இன்னொன்று.
அதன் பலகையில் எழுதியிருந்தது:
வேறிடத்தில் இருந்த இந்தச் சண்டி
பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வைக்கப்பட்டது.
ருக்மா இரண்டு தரம் படித்தாள்.
அவள் தோட்டம் வீடமைப்பு ஆன வருஷம்
லயத்துக் கதவுக்கு நாலாயிரம் கொடுத்து
மூன்றே மாதத்தில் கிளம்பச் சொன்னார்கள்.
"இதுக்கு எவ்வளவு கொடுத்தாங்களாம்?" என்றாள்.
நான் சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டேன்.
அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
கீழே இன்னொரு வரி இருக்கும் என்பது போல.

திரும்புகையில் அதே பஸ்,
அதே டிரைவர்.
செமிலிங் தாண்டி ஓர் இருமல் இருமி நின்றுவிட்டது.
இறங்கி, டயரை உதைத்தார். பயனில்லை.
"சண்டி" என்றாள் ருக்மா தமிழில்.
மலாயில் கேட்டுக்கொண்ட அவர்
வந்த திசையைக் காட்டி, "அங்கே இருக்கு" என்றார்.

எதுக்கும் என்று வைத்த இரண்டில்
ஒன்று அவருக்குப் போனது.
இன்னொன்று, கடைசி சீட்டில் அரிவாளைச் சாக்கில் சுற்றி
மடியில் வைத்திருந்த வங்காளதேசத்துப் பையனுக்கு.
சம்பல் காரம். தண்ணீர் போத்தல் கைமாறியது.
ஜெராய் மலையின் தலையில் மேகம் ஏறுவதைப் பார்த்தபடி
ரோட்டோரம் ஐந்தாறு பேர்
ஒருவரையொருவர் பெயர் கேட்காமல் உட்கார்ந்திருந்தோம்.

பீடோங்கில் இறங்கும்போது மணி ஏழரை.
"பாரு, வந்துட்டான்" என்றாள்.
அவள் வெள்ளைச் சப்பாத்தின் விளிம்பெல்லாம் செம்மண்.
காலையில் சூப்பர்வைசர் கேட்பார்.
கேட்கட்டுமாம்,
இன்றைக்குக் கழுவப்போவதில்லையாம்.