ஏழு நிமிடம்

ஒரு செய்திக்கு நூற்று அறுபது எழுத்துதான் இடம்.
அதற்குள் வணக்கம் சொல்லி,
வெட்கப்படுத்தாமல், பயமுறுத்தாமல்
ஒரு மனிதரை நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டும்.

மஜூரோ மருத்துவமனையின் பின்பக்கம்,
ஏசி சொட்டும் வாளிக்கு அருகில் என் மேசை.
"யாக்வே! இன்று பத்து நிமிடம் நடந்தீர்களா?
நடந்தால் 1 அனுப்புங்கள். இல்லையென்றால் 2."
மாலை ஐந்தரைக்கு
அறுபத்து மூன்று கைப்பேசிகள் ஒன்றாகச் சிணுங்கும்,
ரீட்டா முனை தொடங்கி
விமான நிலையம் தாண்டி லாரா வரைக்கும்.

எங்கள் ஊருக்கு அகலம் கிடையாது.
இந்தப் பக்கம் காயல், அந்தப் பக்கம் பெருங்கடல்,
நடுவில் ஒரே சாலை.
கிழக்கே நடக்கலாம், மேற்கே நடக்கலாம்.
வழி தவறிவிட்டது என்று மட்டும்
யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

மற்றதெல்லாம் சொல்வார்கள்.
"நாய்."
"மூன்று நாய்."
"மழை" (வெயில் கொளுத்திய நாளில்).
"டாக்ஸிக்காரன் நிறுத்தி ஏறச் சொல்கிறான்,
அத்தை மகன், எப்படி மாட்டேன் என்பது?"
"நடந்தேன். கடைக்கு. டோனட் வாங்க."
அதற்கும் கீழே, பெருமையாக, ஒரு 1.

ஹொனலூலுவிலிருந்து வந்த மாதிரிச் செய்திகளில்
பூங்கா இருந்தது.
லிஃப்டைத் தவிர்க்கச் சொல்லியிருந்தது.
அடித்துவிட்டு நான் எழுதினேன்:
"நாய் வந்தால் கல் எடுப்பதுபோலக் குனியுங்கள்.
எறிய வேண்டாம். குனிந்தாலே போதும்."
அந்த வாரம்தான் முதன்முதலாக
ஒன்றுகள் இரண்டுகளை முந்தின.

ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க
கடைசியில் என் எண்ணையும் சேர்த்திருக்கிறேன்.
அறுபத்து நான்கு. பக்கத்தில் "சோதனைக்கு" என்று குறிப்பு.
இன்று காலை என் சர்க்கரை இருநூற்றுப் பதினெட்டு,
அதற்குக் குறிப்பு இல்லை.
ஐந்தரைக்கு என் பைக்குள் என் சொற்களே சிணுங்கும்.
ஊருக்கு உபதேசம் செய்தவள்
டாக்ஸியில் இருப்பேன்.

நாற்பத்தொன்றாம் எண், ஜெல்டன்.
ஐந்து மாதம் விடாமல் 2.
செய்தி வந்த நொடியிலேயே 2,
விரலை வைத்துக்கொண்டே காத்திருந்ததுபோல.
மார்ச்சில் ஒரு நாள் 1 வந்தது.
மறுநாளும் 1. அதற்கு மறுநாளும்.
திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று
அவர் கதையைச் சொன்னேன். கைதட்டினார்கள்.
வார்டு நர்ஸ் மட்டும் தட்டவில்லை.
"எந்த ஜெல்டன்?" என்றாள்.
"போன மாதம் நாம் புதைத்தோமே, அவரா?"

அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள்.
ஹெர்டினா. மனைவி.
"உங்களைத் திட்டிக்கொண்டேதான் அழுத்துவார்.
இரண்டை அழுத்துவதில் அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு.
இப்போது நான் போகிறேன். பாலம் வரைக்கும்.
எனக்குச் சர்க்கரை இருக்கிறதா?
தெரியாது, யாரும் பார்த்ததில்லை.
நிறுத்திவிடாதீர்கள்.
ஐந்தரைக்கு அது சத்தம் போடாவிட்டால்
வீட்டில் வேறு சத்தமே இல்லை."

இறந்தவர் எண்ணை நீக்க வேண்டும் என்பது விதி.
பெயரை மட்டும் அழித்து வேறு பெயர் எழுதினேன்.
வியாழக்கிழமை
வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறேன்.

இன்று டாக்ஸியைப் பாலத்துக்கு முன்பே நிறுத்தச் சொன்னேன்.
ஏன், என்ன ஆயிற்று என்றான் ஓட்டுநர்.
அவனும் உறவுதான்.
ஒன்றுமில்லை என்றேன்.
இந்தச் செருப்பு நடக்க வாங்கியதல்ல.
ஒரு நாய் எழுந்து பார்த்தது, குனிந்தேன்,
முழங்கால் முறிகிறாற்போல் ஒரு வலி,
நாய் படுத்துக்கொண்டது.
யாரோ ஒருத்தி எதிரே வந்து கடந்து போனாள்,
கையில் ஒரு பழைய போன்.
ஹெர்டினாவா என்று கேட்கத் தோன்றியது.
மூச்சு இல்லை.

வீட்டு வாசலில் பார்த்தேன்:
ஏழு நிமிடம்.
பத்து இல்லை, அதனால் 1 இல்லை.
நடந்திருக்கிறேன், அதனால் 2-உம் இல்லை.
7 என்று அனுப்பினேன்.
"தவறான பதில்" என்று
என் கணினியே திருப்பி அனுப்பியது.