பதினோரு நிமிடம்

தஞ்சோங் தோக்கோங். இருபத்து மூன்றாவது மாடி.
வெறுங்காலை டைல்ஸ் சுடும் மதியம்.
இந்த ஊரில் வெந்நீர்த் தொட்டி யாருக்கு வேண்டும் என்று
முதல் வாரம் நினைத்தேன்.
இப்போது மூன்றாவது வாரம். நினைப்பதில்லை.

தொட்டியில் கை விட்டால்
கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு இளஞ்சூடு.
பலகையிலோ சிவப்பாய் இரண்டு எழுத்து
'ஓஎச்', 'ஓஎச்' என்று சிமிட்டுகிறது:
கொதிக்கிறேன், நிறுத்திவிட்டேன், நீயே பார்த்துக்கொள்.

பிரேக்கரை இறக்கி ஏற்றினால் ஓடும்.
சரியாகப் பதினோரு நிமிடம்.
பிறகு டக்.

ஃபில்டரைக் கழுவியாயிற்று,
தே தாரிக் நிறத்தில் ஓடியது அழுக்கு.
ஹீட்டர் கம்பியின் சுண்ணாம்பை
வினிகரில் ஊறவைத்துப் பல் பிரஷால் சுரண்டியாயிற்று.
போன வாரம் சென்சாரையே மாற்றினேன், இருநூற்று அறுபது ரிங்கிட்.
லிஃப்ட் தரைக்கு வருமுன்னே போன் அடித்தது.

பழுது பார்க்க வந்தவள் நான்.
மூன்று வாரமாய்ப் பழுதைப்
பார்த்துவிட்டு மட்டும் போகிறேன்.

திருமதி ஊய் கைத்தடியோடு வந்து
பார்லி தண்ணீர் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போகிறார்.
புலாவ் தீக்கூஸ் சந்தையில், மீன் கடை ஈரத்தில் வழுக்கி விழுந்த இடுப்பு.
இருபது நிமிடம் வெந்நீரில் உட்கார்ந்தால்தான் தூக்கமாம்.
திட்டினால்கூடத் தேவலை.

லோகேந்திரன் போனில்:
"தமயந்தி, ரெண்டு முனையையும் ஒரு துண்டு வயரால சேத்துட்டு வந்துரு லா,
பட்டர்வொர்த்ல ஆள் காத்திருக்கு."
அந்த வயர் என் பையில் இருக்கிறது.
ஒரு சாண்கூட இராது. சிவப்பு.
வைத்தால் 'ஓஎச்' வராது. எதுவுமே வராது,
பிளாஸ்டிக் குழாய் உருகும் வாசனை வரும்வரை.
கையில் எடுத்தேன், எடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த பதினோரு நிமிடம்.
கடலைத் தூர்த்த புதுத்தீவில் மஞ்சள் லாரிகள் எறும்பாய் ஊர்ந்தன.
ஹீட்டரின் இந்தப் பக்கக் குழாயில் கை வைக்க முடிந்தது.
அந்தப் பக்கம் வைத்த கையை
எடு என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.
டக்.

மல்லாந்து படுத்து மோட்டாருக்கடியில் நுழைந்தேன்.
வால்வின் கைப்பிடி மேலே நிற்கிறது. திறந்திருக்கிறது என்று அர்த்தம்.
மூன்று வாரமாய் நானும் அப்படித்தான் வாசித்தேன்.
சும்மா ஒருமுறை அழுத்தினேன். இறங்கியது.
இழுத்தேன். ஏறியது.
நல்ல வால்வு கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.
இது சொன்னதற்கெல்லாம் சரி என்றது.

தண்ணீரை வடித்துக் கழற்றினால்
உள்ளே தண்டு முறிந்து கிடக்க,
சாம்பல் நிறக் கதவு முக்கால்வாசி இறங்கி உட்கார்ந்திருந்தது.
விரல் நுழையும் சந்தில் வந்த தண்ணீரைத்தான்
ஹீட்டர் பாவம் காய்ச்சிக் காய்ச்சி வைத்திருக்கிறது,
எடுத்துப் போக ஆளில்லாமல்.

பழைய சென்சார் திருகாணி டப்பாவில் கிடந்தது.
மீட்டரில் வைத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.
சுடுகிறது என்று அது சொன்னது.
சுட்டது.
அதற்காக வேலையை விட்டு எடுத்தேன்.

ஜெலுத்தோங் கடையில் புது வால்வு, முப்பத்தெட்டு ரிங்கிட்.
பசை காயும்வரை பில்லைத் திருத்தினேன்.
இருநூற்று அறுபதின் மேல் ஒரு கோடு.
லோகேந்திரன் கத்துவார். கத்தட்டும்.

ஒன்பது. பத்து.
பதினொன்றில் மூச்சை அடக்கினேன்.
பன்னிரண்டு.
பதின்மூன்றில் பார்லியைக் குடித்தேன், ஆறிப்போயிருந்தது.

மாலை ஆறுக்கு முப்பத்தொன்பது டிகிரி.
திருமதி ஊய் கைத்தடியை என்னிடம் கொடுத்து
ஒரு காலை நனைத்தார்,
மறு காலை நனைத்தார்,
யோசித்தார்.

"இன்னும் கொஞ்சம் சூடு
வைக்க முடியுமா?"