தன்மைப் பன்மை

முதல் இரண்டு வாரமும் தொண்டைக்குத்தான் பாடம்.
கிணறு தூர் வாருவதுபோல்
அடித்தொண்டையிலிருந்து ஒரு ககரம் எடுக்கச் சொன்னார்
ஷாயிஸ்தா மேடம்.
காகம் என்ற ஒரே சொல்லில்
இரண்டு ஒலிக்கு ஒரே எழுத்தைக் கொடுத்துக்
காலம் தள்ளியவள் நான்.
இங்கே அதற்கு ஏழு.
கட்வாரியா சராய் மூன்றாம் மாடியில்
இரவெல்லாம் காறிக்கொண்டிருந்தேன்.
இன்ஜினியரிங் தேர்வுக்குப் படிக்கும் பக்கத்து அறைப் பையன்
கதவடியில் இருமல் மாத்திரை தள்ளிவிட்டுப் போனான்.

மூன்றாம் வாரம், கண்டதையெல்லாம் வாசிக்கும் வெறி.
ஓக்லாவில் ஒரு நீளச் சுவர்.
வலமிருந்து இடமாய் வளைந்து வளைந்து
ஏதோ வேத வசனம்போல் இருந்தது.
யாரும் உதவாமல் எழுத்துக் கூட்டினேன்:
பார், கழுதை ஒன்றுக்குப் போகிறது.
நானாக வாசித்த முதல் உருது வாக்கியம்.
ஹருகா கைதட்டி,
ஒசாகாவில் அவள் அம்மாவுக்குப் படம் அனுப்பினாள்.

பிறகு பால் பிரிக்கும் படலம்.
அஃறிணைக்கெல்லாம் பாவாடையும் வேட்டியும்
உடுத்திவிடும் மொழி இது.
தண்ணீர் ஆண்பால். தாகம் பெண்பால்.
மனு பெண்பால். பதில் ஆண்பால்.
மனப்பாடம் செய்த பட்டியலைத்தான் ஒப்பிக்கிறேன்,
வேறெதுவும் சொல்லவில்லை.

ஆய்வேடு: தில்லி நகராட்சிக் குழாய்கள், முப்பதுகள்.
நெறியாளர் கேட்டது அறுபது பக்கம், ஆங்கிலத்தில்.
காப்பகத்தில் நாளைக்கு ஐந்து கோப்பு தருவார்கள்.
மனு எழுதிய முன்ஷிகளின் கை ஷிகஸ்தா,
உடைந்தது என்று பொருள்.
புள்ளி வைக்க நேரமில்லாத கை.
புள்ளி போனால்
பே, தே, நூன் எல்லாம்
சொல்லின் நடுவில் ஒரே பல்.

ஜூன், 1932. ஒரு சந்து, ஒரு குழாய்.
நஸீபன். கணவன் பெயர் இருந்த இடத்தைச் செல்லரித்திருக்கிறது.
ஹம் பதினோரு நாளாய்த் தண்ணீரைக் காணவில்லை.
கீழே ஒற்றைப் பெருவிரல் ரேகை.

ஆங்கிலத்தில் 'வீ' போட்டால் வேலை முடிந்தது. போட்டேன்.
நோட்டின் ஓரத்தில் எனக்காகத்
தமிழில் குறித்துக்கொள்ளும் பழக்கம்,
அங்கேதான் பென்சில் நின்றுவிட்டது.
நாங்கள் என்றால்
மனுவைப் படிக்கும் துரை வெளியே நிற்கிறான்.
நாம் என்றால் அவனும் குடத்தோடு வரிசைக்கு வருகிறான்,
தொண்ணூறு வருஷம் தள்ளி நானும்.
உருதுவுக்கு இந்தக் கவலையே கிடையாது. ஒரே ஹம்.

போதாததற்கு,
கீழே டீ போடும் பலியாக்காரி ஃபூல்மத்தி
தன் ஒருத்தியையே ஹம் என்றுதான் சொல்வாள்.
ஹம் குளித்தாயிற்று. ஹம் இன்று சாப்பிடவில்லை, பல் வலி.
லக்னோக்காரர் சொன்னால் நயம்,
பலியாக்காரி சொன்னால் பிழை.
இது பாடப்புத்தகத்தில் இல்லை,
மேடம் பெருமூச்சு விட்டதில் தெரிந்தது.
அப்படியானால் நஸீபன்
தெருவுக்காகக் கேட்டாளா, தனக்கு மட்டுமா?
வரிக்கு எத்தனை அணா வாங்கினான் முன்ஷி?

பத்தாவது வாரம் எங்கள் கட்டிடத்து மோட்டார் புகைந்தது.
விடிகாலை ஐந்துக்கு டேங்கர்.
நான் தூக்கக் கலக்கத்தில் வரிசையை விட்டு நின்றேன்.
ஃபூல்மத்தி என் வாளியைக் காலால் இழுத்துத்
தன் டப்பாக்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு
குழாய் பிடிப்பவனிடம் கத்தினாள்:
ஹம் ஆறு பேர்!
எண்ணிப் பார்த்தேன்.
அவள் வீட்டில் ஐந்து.

மறுநாள் வாய்மொழித் தேர்வு.
நேற்று என்ன செய்தாய் என்று கேட்டார்கள்.
ஹம் தண்ணீர் பிடித்தோம் என்றேன்,
தொண்டை சுத்தமாக இருந்தது.
நீ ஒருத்திதானே, மைன் என்று சொல்ல வேண்டும்,
திருத்தினார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர்.
ஷாயிஸ்தா மேடம் ஜன்னலைப் பார்த்தார்.
அரை மதிப்பெண் போயிற்று.