நடுவில் நிற்காத கால்

ஓரின் மார்ச் மாதம் குடிவந்தபோது
பதினோரு கோட்டுகளோடு வந்தார்.
பாதிக்கு ஜிப் வேலை செய்யாது.

டுலூத்தில் கோட்டு என்பது துணியல்ல,
இன்னொரு ஆள்.
மாட்டினால் தோள் இருக்கும், பாரம் இருக்கும்,
பையில் போன வருடத்துப் பெட்ரோல் ரசீது இருக்கும்.

என் அலமாரிக் கம்போ
1931-ல் யாரோ ஒருவர்
ஒற்றை ஆளின் உடுப்புக்கென்று செருகிய மரக்கோல்.
மே மாதத்துக்குள் தொய்ந்துவிட்டது.
ஹேங்கர்கள் சறுக்கிச் சறுக்கி
நடுவில் போய்க் குவிந்தன.
என் தபால் சீருடையை உருவினால்
அவருடைய கம்பளிச் சட்டை ஒன்று
கைகோத்துக்கொண்டு கூடவே வரும்.

முதல் வைத்தியம் என்னுடையது:
கம்பைக் கழற்றி
அரைச் சுற்று திருப்பிவைத்தேன்.
பள்ளம் மேடானது.
துணியெல்லாம் சண்டைபோட்ட பிள்ளைகள் மாதிரி
ஆளுக்கொரு மூலைக்கு ஓடின.
ஓரின் கைதட்டினார்.
பதினெட்டு நாள்.
பிறகு மரம், மரத்தின் புத்திப்படி,
மறுபடியும் வளைந்தது.

சனிக்கிழமை.
ஏரியிலிருந்து ஏறிவந்த மூடுபனிக்குள்
கப்பல் ஊதுகிறது, பாலம் பதில் ஊதுகிறது.
தரையில் புது இரும்புக் குழாய்,
நடுவே தாங்க ஒரு கொக்கி,
நாலு திருகாணி,
எதிர்வீட்டு லூவெல்லாவிடம் இரவல் வாங்கிய ரசமட்டம்.

கொக்கியைச் சும்மா சுவரில் அடிக்கக்கூடாது.
காரைக்குப் பின்னால் நிற்கும்
மரத்தின் கால் ஒன்று அகப்பட வேண்டும்.
இல்லையென்றால் முதல் குளிரிலேயே
சுவரையும் பெயர்த்துக்கொண்டு இறங்கிவிடும்.
விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன்.
பொத். பொத். பொத்.
ஓரின் காதைச் சுவரில் வைத்திருந்தார்.
பொத். பொத்.
டக்.

"அதுதான்."
"அது நடுவில் இல்லையே."

அளந்தோம். ஒரு சாண் தள்ளி
அவர் பக்கமாக நின்றது கால்.
தொண்ணூறு வருடத்துக்கு மேலாக அங்கேயே,
எங்களைக் கேட்காமல்.

அங்கே கொக்கி வந்தால்
எனக்கு நீளம், அவருக்குக் குட்டை.
அவரிடம் பதினொன்று, என்னிடம் நாலு.
"பக்கம் மாற்றிக்கொள்ளலாமே."
யோசித்தார். ஐம்பத்தொன்பது வயதில்
கட்டிலில் பக்கம் பிடித்ததே பெரும்பாடு.
"இடது பழகிவிட்டது" என்றார்,
எதையோ திருடிவிட்டதாக ஒப்புக்கொள்பவர்போல.

அங்கேயே துளைத்தேன்.
மஞ்சளாகத் தூள் கொட்டியது.
இத்தனைக்கும் பிறகு
அதில் பைன் வாசனை.
ரசமட்டத்துக் குமிழி
அங்கும் இங்கும் நீந்தி, நின்றது.
ஓரின் காலை மடக்கி
குழாயில் தொங்கிப் பார்த்தார்.
"என்னைத் தாங்குகிறது."
"உன் கோட்டுகளைத் தாங்கட்டும், நம்புகிறேன்."

தாங்கியது.
கொக்கியைத் தாண்டி எதுவும் சறுக்க முடியாது இப்போது.
எல்லாம் வரிசையாக,
தெருவோரத் தபால் பெட்டிகள்போல
அவரவர் எண்ணில்.
திங்கட்கிழமை இருட்டில் சீருடையை உருவினேன்.
கூட ஒன்றும் வரவில்லை.
கொஞ்ச நேரம்
அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வியாழன், என் பக்கத்தில்
ஆரஞ்சு நிற வேட்டைக்கோட்டு ஒன்று.
அடுத்த வாரம் இன்னும் இரண்டு.
நான் கேட்கவில்லை.
இடம் போதாமல் மாட்டியிருப்பார்.
அதன் கை என் நீலக் கைக்குள்
முழங்கைவரை போயிருந்தது.
பிரித்தெடுத்துக்கொண்டு
ஐந்து நிமிடம் தாமதமாக வேலைக்குப் போனேன்.

குழாய் மட்டமாகத்தான் இருக்கிறது.
நேற்றுகூட வைத்துப் பார்த்தேன்.
லூவெல்லாவுக்கு அந்த ரசமட்டத்தைத்
திருப்பிக் கொடுக்க வேண்டும்.