ஐம்பத்தைந்து நிமிடம்

டவுன்ஹால் ரோட்டில், பரோட்டாக் கடை மாடியில்
ஆறுக்கு எட்டு அறை, ஒரு கணினி, நான்.
டிக்கெட் போடுவது பிழைப்பு.
நான் ஏறிய விமானம் ஒன்றே ஒன்று,
அதுவும் சென்னை வரைக்கும்.

செக்கானூரணி ஜெயராக்குவுக்கு
கொழும்பு வழியாகத் தோஹா போட்டேன்.
நடுவில் ஐம்பத்தைந்து நிமிடம்.
நாலு மணி நேரம் உட்கார்ந்து போகிற டிக்கெட்டும் இருந்தது,
ஒன்பதாயிரம் கூட.
‘இது போதும்ண்ணே’ என்றாள்.
‘போதும்க்கா’ என்றேன் நானும்,
எந்தத் தைரியத்தில் என்று தெரியவில்லை.

பள்ளிக்கூட கேன்டீனில் சமையல் வேலை.
விசாவில் உள்ளே நுழையக் கடைசித் தேதி
இன்று.

பத்தேகாலுக்குக் கிளம்ப வேண்டியது
பத்தே முக்கால் வரை பெருங்குடியில் நின்றது.
ஓடுபாதையில் மயில்களாம்.
கண்மாய்ப் பக்கமிருந்து வந்த மூன்று மயில்கள்
சாவகாசமாக,
உலகத்தில் யாருக்கும் அடுத்த விமானமே இல்லாத மாதிரி.

பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
ஐம்பத்தைந்தில் முப்பது போக இருபத்தைந்து.
கேட் மூடுவது பதினைந்து நிமிடம் முன்னால்.
மீதி பத்து.
பத்து நிமிடத்தில்
பெரியாரிலிருந்து சிம்மக்கல் போய்விடலாம்,
வழியில் ஊர்வலம் எதுவும் வராவிட்டால்.
பத்து நிமிடத்தில்
இறங்கி, மாடி ஏறி, வளையல் கழற்றி,
மறுபடி வளையல் மாட்டி,
எந்தப் பக்கம் என்று கேட்க ஆள் தேடி…

நகர்கிற பஸ்ஸுக்குள்
ஜன்னல் வழியாகக் கூடையை எறிந்து இடம் பிடித்தவள்.
விமானத்துக்கு ஜன்னல் திறக்காது.

நேற்று சாயங்காலம்
டிரான்ஸ்ஃபர் என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன்.
எட்டு எழுத்து.
‘படிக்க வேணாம்க்கா, படம் மாதிரி பாத்து வச்சுக்கங்க.
மொத எழுத்து கரண்ட் கம்பம்.’
கைப்பைக்குள் வைத்தாள், பாஸ்போர்ட்டுக்கும் மேலே.

திரையில் மஞ்சள் விமானம்
முதுகுளத்தூர், சாயல்குடி,
அப்புறம் நீலம்.
எறும்பு கூட இதைவிட வேகமாகப் போகும்.
கீழே மதியக் கொத்துக்குக் கல் காய்கிற வாசனை.
பன்னிரண்டு அடித்தது.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
நிமிர்த்தினேன்.
பன்னிரண்டு ஐந்து.

பன்னிரண்டு எட்டுக்குக் குரல் வந்தது.
முதலில் வெறும் மூச்சிரைப்பு,
பிறகுதான் அவள்:
‘இருபத்தேழாவது வரிசைண்ணே.
எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாய்ங்க, ஒருத்தரும் நகரல.
வழி விடுங்கப்பா, வண்டி போயிரும்னு கத்திட்டேன்.
பாதிப் பேரு நம்ம ஊரு, விட்டுட்டாய்ங்க.
நீங்க குடுத்த சீட்டு எங்கிட்டோ விழுந்துருச்சு.
கரண்ட் கம்பத்தத் தேடி அண்ணாந்து பாத்தா
போர்டுல நம்ம எழுத்து!
வாசிச்சுக்கிட்டே ஓடுனேன்.
நீங்க சொல்லவே இல்லயேண்ணே.
கதவச் சாத்துறாய்ங்க, வைக்கிறேன்.’

நான் எங்கே சொல்ல.
பதினோரு வருஷமாக அந்த வழியாக ஆள் அனுப்புகிறேன்,
எல்லாருக்கும் அதே கரண்ட் கம்பம்.
திரும்பி வந்த ஒருவரிடமும்
அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதில்லை.

அவள் ஓடிவிட்டாள். பெட்டி ஓடவில்லை.
வழி விடுங்கப்பா என்று கத்த
பெட்டிக்குத் தெரியாது.
ஒரு தோசைக்கல், ரெண்டு கிலோ புளி,
வேலைக்கென்று வாங்கிய கறுப்புச் செருப்பு
கொழும்பில் எங்கோ ஒரு மூலையில்.

மறுநாள், பெட்டி எண்ணைச் சொல்லிவிட்டு
போனில் பாட்டுக் கேட்டுக் காத்திருக்கையில்
உசிலம்பட்டிக்காரர் ஒருவர் படியேறி வந்தார்.
மஸ்கட்.
விலை குறைந்ததாகப் பார்க்கச் சொன்னார்.
பார்த்தேன். அதே ஐம்பத்தைந்து.
‘போதுமாண்ணே?’ என்றார்.

எட்டி அவர் காலைப் பார்த்தேன்.

‘ஓடுவீங்களா?’