சொல்லுக்குச் சொல்

கால்கூர்லி நூலகத்தின் பின்னறை.
வியாழன்தோறும் நாங்கள் ஐந்து பேர்,
ஒரு கெட்டில்,
சரியாக அழியாத வெள்ளைப் பலகை.
நேற்றைய பின்னல் வகுப்பின் கண்ணிக் கணக்கு
ஓரத்தில் நீலமாய் மிச்சமிருக்கும்.

ஓய்வுபெற்ற தாதி பெவர்லி
பாலிச் சொற்களை இடப்பக்கம் எழுதினாள்.
அவரவர் மொழியில் என்னவென்று
வந்து எழுதுங்கள் என்றாள்.
தாய்லாந்துச் சமையற்காரர் சோம்பூன் எழுதினார்.
வெல்டர் லோன் எழுதினாள்,
மேலும் கீழும் குறிகள் தெறிக்க.
அடுத்து நான்.

நான் கோலார் தங்கவயல்.
மூன்று தலைமுறையாகப் பௌத்தர்கள்.
இங்கே இருநூறு டன் லாரி ஓட்டுகிறேன்,
இரவுப் பணி, திறந்த சுரங்கம்.
சொற்கள் எனக்குத் தெரியும்.
தெரிந்ததுதான் சிக்கல்.

நிர்வாணம் என்று எழுதிச் சிரித்துவிட்டேன்.
ஏன் என்றார்கள்.
எங்கள் ஊரில் அது
குளியலறைக் கதவைத் தாழிட மறந்தவனுக்கு நேர்வது.

பற்று
மளிகைக் கடை நோட்டில் இருக்கும்,
வரவுக்கு எதிர்ப்பக்கம்,
எங்கள் வீட்டுப் பெயருக்கு நேரே, கொஞ்சம் நீளமாக.
பானையின் அடியில் காய்ந்து
ஊறவைத்தால்தான் விடுவதும் பற்று.
தலைவலிக்குச் சுக்கு உரைத்து
நெற்றியில் போடுவதும் பற்று.
"அப்படியென்றால் நல்லதா, கெட்டதா?"
பேனா மூடியைக் கடித்தபடி பெவர்லி.
காய்ந்தால் உதிர்ந்துவிடும் என்றேன்.
அது பதிலா என்று எனக்கே தெரியவில்லை.

வினை, இலக்கண வகுப்பில் படித்தது.
வா, போ, தின்.
காலத்துக்குத் தக்கபடி வால் மாறும்.
சங்கம் என்றால் சிவப்புக் கொடி,
மாதச் சந்தா,
கூண்டில் இறங்குமுன் அப்பா
சட்டையில் குத்திக்கொண்ட தகர வில்லை.
அதையும் புத்தரையும் நான்
தனித்தனியாய் யோசித்ததே இல்லை.

சூனியம்.
எழுதக் கை கூசியது.
பிடிக்காத வீட்டுக்கு
ஆள் வைத்துச் செய்வது அது.
எலுமிச்சை, தலைமுடி, தகட்டில் பெயர்,
நடுராத்திரியில் வாசற்படிக்குக் கீழே.
அப்புறம் பால் திரியும்,
வேலை போகும், பிள்ளை படுக்கும்.

சோம்பூன் வயிறு குலுங்கச் சிரித்தார்.
கிரெய்க் சிரிக்கவில்லை.
துளைபோடும் இயந்திரத்தில் முப்பது வருடம்,
பிஸ்கட்டுக்காக வருகிறேன் என்று சொல்கிறவர்.
"அதேதான்" என்றார்.
"என் வீட்டில் யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
டைலன் போய்ப் பதினான்கு மாதம்.
எடுக்க முடியுமா அதை?"

கெட்டில் தானாக அணைந்தது.

எடுப்பதற்கும் ஆள் உண்டு என்றேன்.
காசு வாங்கிக்கொண்டு முற்றத்தைத் தோண்டுவான்.
பெரும்பாலும்
அவன் மடியில் கொண்டுவந்ததைத்தான்
மண்ணிலிருந்து எடுத்துக் காட்டுவான்.
"மண்ணில்?"
மண்ணில் ஒன்றும் இருக்காது.
கிரெய்க் தன் உள்ளங்கையை
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டியலின் முதல் சொல்லை
கடைசியில்தான் எழுதினேன். துக்கம்.
அதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
துக்கம் விசாரிப்பது என்று ஒன்று உண்டு எங்களிடம்.
விசாரிப்பது என்றுதான் பெயர்.
யாரும் எதையும் கேட்பதில்லை.
போய், செருப்பைக் கழற்றி, உட்கார்ந்திருப்பது.

அவருடைய வண்டியில் உட்கார்ந்தேன்.
செருப்பு இல்லை, இரும்பு வைத்த பூட்ஸ்.
முன்கண்ணாடியில் செம்மண்.
ஹானன் வீதியில் விளக்குகள் ஒவ்வொன்றாக.
அவர் ரேடியோவைப் போட்டார், அணைத்தார்.
எட்டரைக்கு, வேலைக்கு நேரமாயிற்று என்றேன்.
தலையாட்டினார்.

பள்ளத்தின் சுற்றுப்பாதை இரவில்
கழற்றி வைத்த நாடாபோலக் கிடக்கும்.
ஏறும்போது மலையைச் சுமந்து,
இறங்கும்போது ஒன்றுமில்லாமல்.
கோலிக்குண்டளவு பொன்னுக்காக
எத்தனை நடை என்று
கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.
மூன்றாம் வளைவில்
எதிரே ஒரு வண்டி முக்கி முனகி ஏறுகிறது.
ஒதுங்கி வழிவிட்டு, மைக்கை அழுத்தி,
தினமும் சொல்வதையே சொல்கிறேன்.
"பதினேழு. காலி.
கீழே வருகிறேன்."